கொந்தராத்துப் பேசாதீர்கள், நாட்கூலி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் வைத்திருப்பவர்களும், வெளிநாட்டில் இருந்துகொண்டு "அப்பாவின்ர காரை ஒருக்கால் செய்விச்சு விடுங்கோ" என்று காசு அனுப்புகிறவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ரிங்கர் வேலை, அதாவது காரின் தகட்டு உடம்பைத் தட்டியும் ஒட்டியும் திருத்துகிற வேலை, தெரிந்த ஆளை எப்படிப் பிடிப்பது, பிடித்தபின் கூலியை எப்படிப் பேசுவது என்பதுதான் விசயம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, சுத்தியல் பிடித்தவள் அல்ல. ஆனால் ஒரு மொரிஸ் மைனரின் அடித்தகடு முழுவதும் மாறுகிறதைப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தவள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பவும் விட்டார்கள் என்றாலும், வரியும் சேர்த்து விலையைக் கேட்டால் பரந்தனில் ஒரு வயல் துண்டை விற்றாலும் காணாது. அதனால் கொட்டிலுக்குள் கோழி அடைகிடந்த ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் எல்லாவற்றுக்கும் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏறுவதற்குப் பழைய கார்தான் வேண்டுமாம். ஆடி, ஆவணியில் லீவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதில் ஏறி முறிகண்டியில் தேங்காய் உடைக்க வேண்டுமாம். எஞ்சின் வேலைக்கு ஆள் இருக்கிறது, வயரிங்குக்கும் இருக்கிறது, பொடி (தகட்டு உடம்பு) வேலைக்குத்தான் வன்னியில் ஆளே இல்லை என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் கூலி பேசுகிற விதத்தைப் பார்த்து ஒதுங்கி, கேற் வெல்டிங் ஒட்டவும் மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடவும் போய்விட்டார்கள்.

எங்கள் கார் மொரிஸ் மைனர் ஆயிரம். முன்கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒரே வளைவாக இருக்கும், 1956 இலிருந்து வந்த வகை. எஞ்சின் 948 சிசி. மாமா வயல் காசில் வாங்கியது, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். 1990 க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியது. நெல்லு மூட்டையும் ஏற்றியது, பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றியது. 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது எங்களோடு மல்லாவிக்கு வந்தது. சமாதான காலத்தில் பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் வாங்க ஆட்கள் வந்து படலையில் நின்றார்கள், என் கணவர் கொடுக்கவில்லை. 2006 இல் அடித்தகடு திருத்தவென்று வவுனியாவுக்கு அனுப்பினார். அந்த ஓகஸ்ட்டில் சண்டை தொடங்கி, முகமாலைச் சோதனைச்சாவடி பூட்டி, ஓமந்தைச் சாவடியிலும் கெடுபிடி கூட, கார் கதவில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் மிஞ்சியது. எங்களோடு நின்றிருந்தால் முள்ளிவாய்க்கால் வாகனக் குவியலில் எரிந்து, பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். இவர் அதைத் திரும்பக் காணவில்லை.

சண்டை முடிந்து சில வருடத்தால், கனடாவில் இருக்கும் இவருடைய தம்பி காசு அனுப்பி, தானே ஃபோனில் பேசி ஒரு கராச்சுக்கு வேலையைக் கொடுத்தார். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம். மொத்தமாக இவ்வளவு என்று கொந்தராத்து. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. முடிந்தது, பளபளவென்று வந்தது. தம்பி குடும்பத்தோடு ஏறிப் படமும் எடுத்தார். இரண்டு மாரி போகவில்லை, கதவுக்குக் கீழே பெயின்ற் அம்மை கண்டதுபோல் பொங்கியது. நகத்தால் கிளப்பினேன், நெளிவு நிரப்பப் பூசுகிற பட்டி கை அகலத் துண்டாகக் கழன்று விழுந்தது. அதற்குக் கீழே றிவெற் அடித்த கல்வனைஸ் தகரம். அதற்கும் கீழே பழைய கறள், தார் பூசியபடி அப்படியே இருந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று கார் செய்தவன் விட்ட துவாரங்களையும் பட்டியால் அடைத்திருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் உள்ளே இருந்துதானே தின்னும்?

அந்தக் கராச்சை நான் திட்டவில்லை. கணக்காகப் பாருங்கள். நெளிந்த ஒரு மட்காட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்க நல்ல தொழிலாளிக்கும் ஒரு நாள் வேண்டும். அதே நெளிவைப் பட்டியால் நிரப்ப ஒரு மணித்தியாலம் காணும். மொத்தக் கூலியைக் குத்துமதிப்பாக, அதுவும் மூன்று கராச்சில் விலை கேட்டு ஆகக் குறைந்ததில் முடித்துவிட்டால், அவர் ஒழுங்காகச் செய்கிற ஒவ்வொரு நாளும் அவருடைய காசுதான் போகிறது. மூடி மறைத்தால் மட்டும் மிச்சம். பழைய காரில் இன்னொரு சிக்கலும் உண்டு: தகட்டை வெட்டித் திறக்கும்வரை உள்ளே எவ்வளவு உக்கியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு முன்கூட்டி விலை சொல்லு என்று கேட்டால், நேர்மையான ஆள் வேண்டாம் என்று எழும்பிப் போவார். எழும்பிப் போகாதவரிடம் வேலை போய்ச் சேரும்.

இப்போது அந்தக் காரைச் செய்தவர் புதுக்குடியிருப்புப் பக்கத்து மனிசன், என்னைவிட மூத்தவர். சண்டைக் காலத்தில் ட்ராக்ரர், லாண்ட்மாஸ்ரர் பெட்டி, பழைய கார் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய்ப் பரல் வெட்டித் தகடு போட்டவர். ஒரு விசயத்தை இங்கே சொல்ல வேண்டும். 1990 களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைத் தென்னிலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே பாத் நகரத்தில் மைனருக்கென்றே ஒரு நிலையம் இருந்தது, அதற்குப் போயின. அதே தீவில், அதே வருடங்களில், எங்களுடையவர்கள் அதே மைனருக்குப் பரல் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் குறை இல்லை. சாமான்தான் வவுனியாவைத் தாண்டவில்லை.

அவரிடம் நான் முதலில் பார்த்தது சுத்தியல்களை. முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. ஆணி அடித்த தழும்பு ஒன்றும் இல்லை, ஏனென்றால் சுத்தியலில் உள்ள தழும்பு அப்படியே தகட்டில் பதியும். தகட்டுக்குப் பின்னால் பிடிக்கிற டொலிகளில் ஒன்று தண்டவாளத் துண்டில் தானே அராவிச் செய்தது. மற்றச் சாமான்கள் 2009 இல் போய்விட்டன என்றார், அதற்குமேல் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. முடிந்த கார் ஒன்றையும் அவர் எனக்குக் காட்டவில்லை. கொட்டிலில் பாதியில் நின்ற ஒரு ஏ40 மட்காட்டைக் காட்டினார். பெயின்ற் இல்லை, பட்டி இல்லை, வெறும் தகடு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கோ ரீச்சர் என்றார். எங்கே ஒட்டு என்று கைக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன். பெயின்ற் அடித்து முடிந்த காரில் ரிங்கரின் கைத்திறனைக் காண முடியாது. வெறும் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

காரைப் பார்க்க வந்தபோது அவர் பெயின்ரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற சில் என்ற தகட்டுப் பெட்டியை (சக்கரச் சில்லு அல்ல) விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கணீர், ஓரிடத்தில் மொத்து. பிறகு மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தத்தை வைத்து வைத்து எடுத்தார். பட்டி தடிப்பாக இருக்குமிடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவி விழும். இந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் படிப்புத் தேவையில்லை; பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பைக்குள் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். கடைசியில் கதவைத் திறந்து, கொஞ்சம் தூக்கிப் பார்த்து, மூடிப் பார்த்தார்.

"கதவைக் கழட்டுவமோ அண்ணை?" என்று நான் கேட்டேன். வவுனியாவில் அப்படித்தானே கழற்றி வைத்திருந்தார்கள்.

"ஐயோ, கழட்டிப் போடாதேங்கோ ரீச்சர். கதவுதான் எனக்கு அளவுகோல். கதவில்லாமச் சில்லை வெட்டினா கார் நடுவில முறிஞ்சு குந்தும். பிறகு நீங்கள் ஆயுசுக்கும் கதவை அடிச்சு அடிச்சுத்தான் சாத்தவேணும்."

இதன் காரணத்தை அவர் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். ஏ40 சமசெற் போன்ற காருக்குத் தனியாக இரும்புச் சட்டம் (சேசிஸ்) உண்டு, அதன்மேல் பொடியைத் தூக்கி வைத்தது. மைனருக்கு அப்படிச் சட்டம் கிடையாது. அடித்தகடும் இரண்டு பக்கச் சில்லும் குறுக்குப் பெட்டியும் சேர்ந்துதான் முதுகெலும்பு. அதை வெட்டும்போது காருக்குத் தாங்கல் இல்லை. ஆகவே முதலில் மட்டமான தரையில் நிறுத்தி, அடியில் பனங்குற்றி கொடுத்தார். கதவு நிலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு அளவு நாடாவின் ஒரு நுனியைக் கையில் தந்தார். காரின் தரையின் நான்கு மூலைக்கும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சோக்கால் எழுதினார். வெட்ட முதல் ஒருக்கால், வெட்டின பிறகு ஒருக்கால், ஒட்டின பிறகு ஒருக்கால். இரண்டு மூலைவிட்டமும் சமனாக நின்றால் கார் கோணவில்லை. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமன் என்று ஆயுள் முழுக்கப் படிப்பித்திருக்கிறேன். சட்டை முழுக்கக் கறளோடு நின்று அதைச் செய்து காட்டியவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

பெற்றோல் தாங்கியை எல்லாவற்றுக்கும் முதல் கழற்றித் தூரத்து வேம்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். மைனரில் அது டிக்கித் தரைக்குக் கீழே இருக்கும். வெறும் தாங்கிதானே, என்ன பயம் என்றான் கூட நின்ற பொடியன். வெறும் தாங்கிதான் பயம், உள்ளே ஆவி நிற்கும், பொறி பட்டால் போதும் என்று ஏச்சு விழுந்தது. பக்கத்தில் ஒரு வாளி மண்ணும் நனைத்த சாக்கும் எப்போதும் இருந்தன.

சில்லை வெட்டித் திறந்தபோது உள்ளே செம்மண், நெல்லுமி, ஒரு குளவிக் கூடு. மூட்டை ஏற்றிய காலத்து உமி இடுக்குக்குள் இறங்கி, மாரிக்கு மாரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றிருக்கிறது. கை வைத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. வெட்டியெடுத்த துண்டுகளை அவர் எறியவில்லை, சாக்கில் போட்டு என்னிடமே தந்தார். எந்தக் கராச்சில் கொடுத்தாலும் இப்படிக் கேளுங்கள். கழித்த தகடு உங்கள் கைக்கு வந்தால்தான் அது உண்மையில் கழிந்தது.

புதுத் தகடு நான்தான் வாங்கினேன், பில் என் கையில். உள்பெட்டிக்கு 18 கேஜ், வெளித்தகட்டுக்கு 20 கேஜ். 18 என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர், 20 என்றால் 0.9. எண் கூடக் கூடத் தகடு மெலிகிறது, இந்த வரிசையை ஆர் வைத்தார்களோ தெரியாது, என்னிடம் படித்த பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பிழை போட்டிருப்பேன். கடைக்காரர் கல்வனைஸ் தகரம் மலிவு என்று நீட்டினார். அண்ணை வேண்டாம் என்றார். அதை ஒட்டும்போது மேலே பூசிய நாகம் (சிங்க்) எரிந்து புகை வரும், நெஞ்சுக்குக் கூடாது, ஒட்டும் சரியாகப் பிடிக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மட்காட் நெளிவை எடுத்த விதம். தகடு அடிபட்ட இடத்தில் வெறுமனே உள்ளே போவதில்லை, இழுபட்டு நீள்கிறது. நீண்ட தகட்டைத் தட்டத் தட்ட இந்தப் பக்கம் அமர்ந்து அந்தப் பக்கம் எம்பும். அவர் காஸ் சுவாலையால் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தை மட்டும் செக்கச்செவேல் என்று காய்ச்சினார். சுற்றியுள்ள தகடு குளிராக இருப்பதால் அந்த இடம் பக்கவாட்டில் விரிய வழியில்லாமல் தடிக்கிறது. பின்னால் தண்டவாள டொலியைக் கொடுத்து முன்னால் நாலு மெதுத் தட்டு, உடனே ஈரச் சீலை. சீ என்று ஆவி பறந்தது. ஆறும்போது தகடு சுருங்கிச் சுற்றியுள்ளதையும் தன்னோடு இழுத்துக்கொண்டது. பிறகு அடுத்த புள்ளி. இடையிடையே உள்ளங்கையால் தடவிக்கொண்டார், கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்ததுதான் கூட. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவருக்குக் கேட்கவில்லை. பின்னேரம் அரத்தை லேசாக ஓடவிட்டார். எங்கும் ஒரே மாதிரி மினுங்கியது. பட்டி வைத்தது பிறகு, அதுவும் காகிதத் தடிப்புக்கு. பட்டி என்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை, சுத்தியல் செய்ய வேண்டியதைப் பட்டி செய்யக் கூடாது.

அன்றன்று திறந்த தகட்டுக்கு அன்றன்றே பிறைமர். ஓர் இரவு விட்டாலும் எங்கள் பனியில் காலையில் மஞ்சள் படர்ந்துவிடும். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இனிக் கூலி. நாட்கூலி என்றால் ஆள் வேலையை இழுப்பார் என்பது எல்லோருடைய பயம். மேசனுக்கு நாட்கூலி கொடுக்கிறோம், தச்சனுக்குக் கொடுக்கிறோம், கிணறு வெட்டுகிறவருக்கும் கொடுக்கிறோம். ரிங்கரை மட்டும் கள்ளனாக நினைக்கிறோம். நான் செய்தது இவ்வளவுதான். சாமான் என் செலவு. கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தோம்: இடது சில், வலது சில், தரை, மட்காட். ஒவ்வொரு பகுதியும் பிறைமர் அடிக்க முதல் நான் வெறும் தகட்டைப் பார்த்து, ஃபோனில் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்புவேன். இன்னொரு இடத்தில் உக்கல் கண்டால் மூடாமல் என்னைக் கூப்பிட வேண்டும், அதைச் செய்வதா விடுவதா என்று நான் முடிவு சொல்வேன். அவருக்கு ஒளிக்க ஒரு காரணமும் இல்லை. மொத்தச் செலவு முந்திய கொந்தராத்தைவிடக் கூடத்தான் வந்தது, ஒளிக்கவில்லை. தம்பி கொஞ்சம் முணுமுணுத்தார். வெட்டியெடுத்த துண்டுகளின் படத்தை அனுப்பினேன், பிறகு முணுமுணுப்பு இல்லை.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களே, திகதி வைத்து நெருக்காதீர்கள். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் எங்களுக்கு மழை. திறந்த தகட்டு வேலையைத் தையில் தொடங்கினால் ஆவணிக்குக் கார் நிற்கும். ஆனியில் ஃபோன் எடுத்து ஆவணிக்கு வேண்டும் என்றால் பட்டிதான் கிடைக்கும்.

கடைசியாக, பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மோட்டார் வாகனத் துறையும் உண்டு. படிக்காமல் தொழிலில் பழகியவர்களைச் சோதித்து என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கொடுக்க, முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடும் நாட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் ரிங்கர்மாருடைய கொட்டிலுக்குக் கொண்டுவர யாராவது முன்வந்தால் நல்லது. அண்ணை போன்றவர்கள் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டு வரமாட்டார்கள், போய்த்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பொடியனுக்கும் வேலை பழகுகிற காலத்தில் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காணக்கூடிய ஒரு படி வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் சேர்விஸ் கடைக்குப் போய்விடுவான், ஏற்கெனவே ஒரு கடையிலிருந்து கேட்டிருக்கிறார்களாம்.

இதைப் பத்திரிகையில் போட்டால் அந்த அண்ணையின் நம்பர் கேட்டு ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். அவர் அந்த ஏ40 வேலையை முடிக்கவில்லை, அடுத்ததாக ஒரு கேம்பிரிட்ஜும் வேலிக்கரையில் நிற்கிறது. வருகிற தை வரைக்கும் நம்பர் தரமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பரந்தன்.